பழைய கட்டடத்தைக் குடும்பத்தோடு சேர்ந்து வீடாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் குடியிருப்பது ஒரு காலத்தில் தானியக் கிடங்காக இருந்த கட்டடம். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய 45 செ.மீ. சுவர், மர உத்திரம், ஓட்டுக்கூரை. அதை வீடாக்க இரண்டரை ஆண்டு பிடித்தது. வேலையில் பாதிக்கு மேல் செய்தவர்கள் வீட்டு ஆட்கள்: அண்ணன், அண்ணி, அக்கா, அத்தான், மாமா, எழுபது வயதான அம்மா. இதே எண்ணத்தில் இருப்பவர்கள் வந்து பார்த்துவிட்டுக் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்கான பதில்கள் இவை.

கட்டடத்தைப் பார்க்கப் போகும்போது முதலில் எதைப் பார்ப்பது?

தண்ணீரை. அது எங்கே விழுகிறது, எங்கே தேங்குகிறது, எப்படி வெளியே போகிறது என்று பாருங்கள். பழைய கட்டடம் வயதால் கெடுவதைவிடத் தண்ணீரால் கெடுவதே அதிகம். மரம் மக்கியிருக்கிறது, கரையான் ஏறியிருக்கிறது, பூச்சு பெயர்ந்திருக்கிறது, ஒரு மூலை இறங்கியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் காரணம் தேடிப் போனால், கடைசியில் உடைந்த ஓடோ அடைத்த குழாயோ சுவரோரம் ஏறிப்போன மண்ணோதான் வந்து நிற்கும்.

வெயில் நாளில் ஒரு முறை பார்த்திருந்தால் போதாது. மழை கொட்டும்போது குடையோடு போய் அரை மணி நேரம் வெளியே நில்லுங்கள், அரை மணி நேரம் உள்ளே நில்லுங்கள். கூரைத் தண்ணீர் சுவரிலிருந்து தள்ளி விழுகிறதா, சுவரை நனைத்துக்கொண்டே இறங்குகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.

வெளித்தரை மட்டத்தையும் பாருங்கள். உள்தரையைவிட அது குறைந்தது 15 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். பழைய கட்டடங்களில் பல இடங்களில் இது தலைகீழாக இருக்கும். சுற்றிலும் மண் ஏறும், சாலை ஏறும், கட்டடம் மட்டும் இருந்த இடத்தில் இருக்கும். எங்கள் கிடங்கின் பின்பக்கம் முதல் படியே மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. அண்ணனும் அத்தானும் மூன்று வார இறுதிகள் மண்வெட்டியும் பாண்டுமாக நின்று அந்த மண்ணை அள்ளினார்கள். அந்தச் சுவருக்கு வேறு எந்த மருந்தும் நாங்கள் அடிக்கவில்லை. அடுத்த கோடை முடிவதற்குள் ஓதம், அதாவது சுவரில் ஏறிய ஈரம், முழங்கால் உயரத்திலிருந்து கணுக்கால் உயரத்துக்கு இறங்கிவிட்டது.

சுவரில் விரிசல் இருக்கிறது. அந்தக் கட்டடத்தை விட்டுவிடலாமா?

விரிசலைப் பார்த்ததும் விட்டுவிட வேண்டாம்; அது இன்னும் நகர்கிறதா என்று பாருங்கள். ஐம்பது ஆண்டுக்கு முன் நகர்ந்து நின்றுபோன விரிசலும் இப்போது வளர்கிற விரிசலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். விரிசலின் இரண்டு பக்கமும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, இடைவெளியை அளந்து, தேதியோடு சுவரிலேயே எழுதுங்கள். மெல்லிய கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே இரண்டு முனையிலும் ஒட்டி வைப்பது பழைய வழி. சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். மழைக்காலம் ஒன்று, கோடை ஒன்று கடக்கும் வரை பாருங்கள், ஏனென்றால் சில மண் ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும்.

ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுபோல ஏறும் விரிசல், மேலே அகன்று கீழே குறுகும் விரிசல், 5 மி.மீ.க்கு மேல் அகன்ற விரிசல், சுவர் வயிறு தள்ளியிருப்பது ஆகியவற்றுக்குக் கட்டுமானப் பொறியாளர் ஒருவரை அழைத்தே ஆக வேண்டும். அவர் வந்து பார்ப்பதற்கு முன் சிமெண்டை வைத்து அடைத்துவிடாதீர்கள். அவர் பார்க்க வேண்டிய தடயமே அதுதான்.

சுவர் ஈரமாகவே இருக்கிறது. எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஈரம் இருக்கும் உயரமே பாதி பதிலைச் சொல்லிவிடும். தரையிலிருந்து தொடங்கி ஏறக்குறைய ஒரு மீட்டர் வரை, மேல்விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அது மண்ணிலிருந்து ஏறும் ஓதம். மேலே தனித்திட்டாக இருந்தால் கூரையிலோ குழாயிலோ ஒழுக்கு. குளியலறை, சமையலறை பக்கத்தில் குளிர்ந்த சுவர் முழுக்க வியர்த்தால் அது அறைக்காற்றின் ஈரமாகவும் இருக்கலாம்.

சந்தேகம் இருந்தால் முழங்கை அளவு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைத் தொடும் பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் காற்றோட்டம் போதவில்லை. எங்கள் அண்ணி இப்படி ஒன்பது தாள் ஒட்டி, ஒவ்வொன்றின் மேலும் எண்ணும் தேதியும் எழுதினார். மூன்றாம் நாள் காலையில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது ஏழு தாள்களின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. மேற்குச் சுவரின் இரண்டு மட்டும் காய்ந்து கிடந்தன. வீடு முழுக்க ஓதம் என்று எங்களிடம் சொல்லப்பட்டிருந்தது. அந்த இரண்டு தாள் ஒரு பெரிய செலவை மிச்சப்படுத்தியது.

பூத்த உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி அள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள் போய்விடும். காரணத்தை நீக்கிய பிறகும் பொறுமை வேண்டும். கனத்த சுவர் ஒரு மாதத்துக்கு ஒரு அங்குலம் காயும் என்பது பழகியவர்கள் சொல்லும் கணக்கு. 45 செ.மீ. சுவர் என்றால் ஒன்றரை ஆண்டு.

பழைய சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூசினால் என்ன?

பூசாதீர்கள். எங்கள் வீட்டில் எனக்கு அதிக வருத்தம் தந்த விஷயம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர்கள் ஓதத்தை மறைக்க இடுப்பு உயரத்துக்குச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். விரலால் தட்டினால் பானையைத் தட்டியதுபோல் சத்தம் கேட்கும். மாமா உளியின் நுனியை விளிம்பில் வைத்து லேசாக நெம்பியதும் கதவு அளவு பாளம் அப்படியே பெயர்ந்து முன்னால் சாய்ந்தது. பின்னால் செங்கல்லின் முகம் ஈர மாவாக இருந்தது. விரலை வைத்து அழுத்தினால் உள்ளே போனது.

சுண்ணாம்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் காரணம் புரியும். சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் அதிலிருக்கும் கரியமில வாயு போய்விடும். அதில் தண்ணீர் சேரும்போது கொதித்து நீறுகிறது. சுவரில் பூசிய பிறகு காற்றிலிருந்து அதே கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி மறுபடி கல்லாகிறது. இறுகிய பிறகும் அதில் நுண்துளைகள் இருக்கும். சுவருக்குள் வரும் ஈரம் அந்த வழியாக வெளியே போய்விடும். சிமெண்ட் அந்த வழியை அடைக்கிறது. ஈரம் பின்னாலேயே நிற்கிறது, அதோடு வந்த உப்பு செங்கல்லுக்குள் படிகமாகி அதன் முகத்தை உடைக்கிறது. தவிர, பழைய செங்கல்லைவிடச் சிமெண்ட் கடினமானது. கட்டடம் லேசாக அசைந்தால் சுண்ணாம்புச் சாந்து இழுத்துக்கொடுக்கும். சிமெண்ட் கொடுக்காது, செங்கல்தான் உடையும். சாந்து எப்போதும் கல்லைவிட வலுக் குறைந்ததாக இருக்க வேண்டும்.

பிளாஸ்டிக் பெயிண்டும் இதே கேட்டைச் செய்யும். சுண்ணாம்பு அடிப்பதானால் பால் பதத்துக்குக் கரைத்து, சுவரை முதலில் நனைத்து, மூன்று முதல் ஐந்து கை (கோட்) மெல்லியதாக அடியுங்கள். ஒவ்வொரு கைக்கும் நடுவில் ஒரு நாள் விடுங்கள். அடிக்கும்போது நிறமே தெரியாது, காய்ந்த பிறகுதான் வெண்மை வரும். தெரியவில்லையே என்று கெட்டியாக அடித்தால் பொரிந்து உதிரும்.

சுட்ட சுண்ணாம்பை வீட்டிலேயே நீற்ற வேண்டாம். நீற்றித் தயாராக இருப்பதை வாங்குங்கள். நீற்றித்தான் ஆக வேண்டுமென்றால் தண்ணீரில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் நல்ல தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்து, உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

மர உத்திரங்கள் நன்றாக இருக்கின்றனவா என்று நாமே சோதிக்கலாமா?

முதல் சோதனையை நீங்களே செய்யலாம். ஒரு ஸ்க்ரூ டிரைவரும் சிறிய சுத்தியலும் போதும். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். உள்ளே மக்கிப்போன மரம் மந்தமாக ஒலிக்கும். நடுப்பகுதியைவிட உத்திரத்தின் முனை, சுவருக்குள் புதைந்திருக்கும் இடம்தான் முதலில் மக்கும். அங்கே குத்திப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவர் ஒரு சென்டிமீட்டர் சுலபமாக இறங்கினால் தச்சரையோ பொறியாளரையோ கூப்பிடும் நேரம் வந்துவிட்டது.

சிறு துளைகள் இருந்தாலே பூச்சி இருக்கிறது என்று அர்த்தமில்லை. கீழே காகிதம் விரித்து ஒரு மாதம் விட்டுப் பாருங்கள். புதிய மாவு கொட்டியிருந்தால் உள்ளே உயிருள்ள வண்டு இருக்கிறது. கரையானுக்கு அடையாளம் சுவரில் ஏறும் மண்குழாய். ஓரிடத்தில் உடைத்துவிட்டு, சில நாள் கழித்து அதைச் சரிசெய்திருக்கிறதா என்று பாருங்கள். முழு உத்திரத்தையும் மாற்றச் சொல்பவர்கள் உண்டு. முனை மட்டும் கெட்டிருந்தால், அதை அறுத்துப் புது மரத்தை ஒட்டிணைக்கத் தெரிந்த தச்சர் கிடைப்பார். எங்கள் ஆறு உத்திரங்களில் நான்கு அப்படிப் பிழைத்தவை.

நடுச்சுவரை இடித்துப் பெரிய கூடம் ஆக்கலாமா?

அந்தச் சுவரின் மேல் என்ன உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும் வரை முடியாது. உத்திரங்கள் அதன் மேல் வந்து நிற்கின்றனவா, மேல்தளத்தில் அதற்கு நேர் மேலே இன்னொரு சுவர் இருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய சுவர் பாரம் தாங்காது என்று நினைக்காதீர்கள். கட்டிய நாளில் தாங்காமல் இருந்து, கூரை தொய்ந்ததால் பிறகு தாங்கத் தொடங்கிய சுவர்களும் உண்டு. முட்டுக் கொடுப்பது, இரும்பு உத்திரம் வைப்பது, எந்த வரிசையில் கல்லை எடுப்பது என்பதெல்லாம் பொறியாளர் வரைந்து கொடுத்து, பழகிய கொத்தனார் செய்ய வேண்டியவை. இன்னொன்று, 23 செ.மீ. செங்கல் சுவரில் ஒரு சதுர மீட்டர் 400 கிலோவுக்கு மேல் கனக்கும். அது யார் மேல் விழுந்தாலும் நிலைமை ஒன்றுதான். சொந்தக்காரர்கள் சம்மட்டியோடு வருவதற்கு இது இடமில்லை.

மாடியில் தண்ணீர்த் தொட்டி வைப்பதற்கு முன்னும் இதே யோசனை வேண்டும். ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன்.

குடும்பத்தார் எந்த வேலையைச் செய்யலாம், எதைத் தொடக் கூடாது?

எல்லாரும் இதைத் திறமை பற்றிய கேள்வியாகவே கேட்கிறார்கள். எனக்கு இது நேரம் பற்றிய கேள்வி. கூலிக்கு வரும் ஆள் ஓட்டைக் கழற்றச் சொன்னால் வேகமாகக் கழற்றுவார், பாதி உடையும். அவரைக் குறை சொல்ல முடியாது. நாள் கணக்கில் கூலி வாங்குபவருக்கு வேகம்தான் நேர்மை. பழைய கட்டடத்துக்கோ நிதானம் வேண்டும். ஓட்டை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து நல்லதைத் தனியே அடுக்க, ஆணியை நிமிர்த்த, பழைய கதவின் பதினோரு கை பெயிண்டை மூலை மூலையாகச் சுரண்ட, கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாத அந்த நேரத்தைத் தரக்கூடியவர்கள் குடும்பத்தார் மட்டுமே. அந்த வேலைகளைத்தான் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

எங்கள் தரையில் பழைய களிமண் ஓடு பதித்திருந்தது. ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு. அம்மா நிழலில் ஒரு ஸ்டூலும் இரண்டு வாளித் தண்ணீரும் ஒரு மழுங்கிய கரண்டியும் வைத்துக்கொண்டு உட்கார்வார். ஓட்டை ஊறவைத்து, பின்பக்கத்துச் சாந்தைக் கரண்டியால் வழித்து, நார் போட்டுத் தேய்த்து, வெயிலைப் பார்த்துச் சாய்த்து வைப்பார். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது. சிலவற்றின் பின்னால் ஈர மண்ணில் பதிந்த விரல்தடம் இருந்தது. அதைப் பார்த்த ஓடுகளை மட்டும் அவர் தனியாக அடுக்கினார். அவை இப்போது வாசலுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. எந்த ஒப்பந்தக்காரரிடமும் இந்த வேலையை வாங்கியிருக்க முடியாது.

பிரித்துக்கொள்ள நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: தப்பாகச் செய்தால் திரும்பச் செய்ய முடிகிற வேலை வீட்டாருக்கு, முடியாதது தொழில் தெரிந்தவருக்கு. சுத்தம் செய்வது, பெயிண்ட் சுரண்டுவது, மண் அள்ளுவது, பொருளை இனம் பிரிப்பது, சுண்ணாம்பு அடிப்பது, மரத்துக்கு எண்ணெய் தடவுவது, கொத்தனாருக்குச் சாந்து கலந்து கொடுப்பது எல்லாம் வீட்டில் செய்யலாம். பாரம் தாங்கும் சுவர், கூரை முகடு, மின்சாரம், எரிவாயு, உயரமான சாரம், ஆஸ்பெஸ்டாஸ் ஆகியவற்றை யாரும் தொடக் கூடாது, அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும்.

முடிவு எடுப்பது யார்? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களே!

சொல்வார்கள். உழைப்பைத் தருபவருக்குக் கருத்தும் இருக்கும். எல்லாருடைய பேச்சையும் கேளுங்கள். ஆனால் கொத்தனாரிடமும் எலெக்ட்ரீஷியனிடமும் பேசுவது ஒரே ஒரு ஆளாக இருக்கட்டும். எங்கள் வீட்டில் காலையில் மாமா ஒரு ஜன்னல் உயரம் சொன்னார், மாலையில் அண்ணன் வேறு உயரம் சொன்னார். கொத்தனார் இரண்டையும் கேட்டுவிட்டு இரண்டு தடவை உடைத்துக் கட்டினார். அன்று இரவு மாமாவிடம் நான் பேசிய விதம் இன்னும் மனதில் கிடக்கிறது. மறுநாளே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வாசலில் கட்டித் தொங்கவிட்டோம். யோசனை எதுவாக இருந்தாலும் அதில் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் உட்கார்ந்து படிப்போம், அந்த வாரத்துக்கான முடிவைக் கடைசியாக அக்கா எழுதுவார். எழுதியது மட்டும்தான் வேலைக்காரர்களிடம் போகும்.

உறவுக்காரர்களுக்குக் கூலி கொடுக்கலாமா?

ஒரு நாள், இரண்டு நாள் கைகொடுப்பவருக்குப் பணம் நீட்டினால் மனம் நோகும். மாதக்கணக்கில் வேலை செய்பவருக்கு ஒன்றும் தராமல் விட்டாலும் நோகும், வெளியே சொல்ல மாட்டார் அவ்வளவுதான். நீண்ட நாள் வருபவரிடம் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். கூலியா, கடனா, அந்த வீட்டில் பங்கா என்பதைத் தெளிவாக்கி எழுதி வையுங்கள். பணம் போட்ட உடன்பிறந்தவர்களுக்குள் இது இன்னும் முக்கியம். போட்ட தொகை, தேதி, எதற்காக என்று மூன்று பத்தி போதும். போக்குவரத்து, சாப்பாடு, கையுறை, கிழிந்த செருப்பு ஆகியவை வேலைச் செலவுக் கணக்கில் வர வேண்டும், அவரவர் பையிலிருந்து போகக் கூடாது. மொத்தத் திட்டச் செலவில் ஐந்தில் ஒரு பங்கை எதற்கும் ஒதுக்காமல் வைத்திருங்கள். பூச்சுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது பூச்சை எடுத்த பிறகுதான் தெரியும்.

தூசியைப் பற்றி ஏன் இவ்வளவு எச்சரிக்கிறார்கள்?

பழைய கட்டடத்தின் தூசி வெறும் மண் இல்லை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்கா வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைத் தடை செய்ததே 1978ல்தான்; பல நாடுகளில் அதற்குப் பிறகும் நெடுநாள் விற்றார்கள். காய்ந்த பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது கிளம்பும் மெல்லிய தூள் தரையில் படிந்து, தவழும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகிறது. வளரும் மூளையை ஈயம் கெடுக்கும். எனவே நனைத்துச் சுரண்டுங்கள், தீநாக்கு வைத்துப் பொசுக்காதீர்கள், சுரண்டியதை மூடிய பையில் கட்டுங்கள், வேலைத் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் பழைய கூரைத் தகடு, குழாய், குழாய்மேல் சுற்றிய உறை, சில தரை ஓடுகள் என்று பல இடத்தில் இருக்கும். முழுசாக, அசையாமல் இருக்கும்வரை ஆபத்து குறைவு. அறுத்தால், துளைத்தால், உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் கிளம்பும். அவற்றைச் சுவாசித்தால் இருபது, முப்பது ஆண்டு கழித்தும் புற்றுநோய் வரலாம். துணி முகமூடி இதைத் தடுக்காது. சந்தேகமான எதையும் சோதித்துத் தெரிந்துகொண்டு, அதற்கென்று பயிற்சி பெற்றவர்களைக் கொண்டே அகற்றுங்கள்.

வௌவால் எச்சமும் எலிப் புழுக்கையும் இருக்கும் இடத்தைக் காய்ந்தபடி பெருக்க வேண்டாம். நன்றாக நனைத்து, முகத்தோடு ஒட்டும் சுவாசக் கவசம் போட்டு அள்ளுங்கள். செங்கல், கல் அறுக்கும்போதும் தண்ணீர் விட்டே அறுக்க வேண்டும்; அந்தத் தூள் நுரையீரலில் தங்கிவிடும்.

குழந்தைகளை வேலை நடக்கும் இடத்துக்கு அழைத்து வரலாமா?

இடிக்கும் நாள், சுரண்டும் நாள், சாரம் கட்டிய நாள் கூடாது. கர்ப்பிணிகளும் அந்த நாள்களில் வர வேண்டாம். மற்ற நாளில் அவர்களுக்கு என்று வேலை கொடுங்கள்: ஆணியைக் காந்தத்தால் பொறுக்குவது, சுவர்களைப் படம் எடுப்பது, திருகாணிகளை டப்பாவில் பிரிப்பது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எடுத்த படங்கள்தான் இன்று சுவருக்குள் குழாய் எங்கே போகிறது என்று காட்டுகின்றன.

வேலையை எந்த வரிசையில் செய்வது?

கூரை, மழைநீர் வழி, அஸ்திவாரமும் சுவரும், கதவு ஜன்னல் சட்டங்கள், சுவருக்குள் போகும் மின்குழாயும் தண்ணீர்க் குழாயும், பூச்சு, தரை, கடைசியாக நிறம். எல்லாருக்கும் ஓர் அறையையாவது முழுசாக முடித்துப் பார்க்க ஆசை வரும். நியாயமான ஆசைதான், ஆனால் கூரை முடியாமல் வண்ணம் அடித்த அறையை முதல் மழையே கெடுத்துவிடும்.

மின்சாரம், தண்ணீர்க் குழாய் இரண்டையும் பழையதே வைத்துக்கொள்ளலாமா?

மின்கம்பியை முழுக்க மாற்றுங்கள். ரப்பர் உறையும் துணி உறையும் காலப்போக்கில் நொறுங்கிவிடும், கம்பியைத் தொட்டு அசைத்தாலே உதிரும். நல்ல எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்சும் கட்டாயம். வேலை நடக்கும் நாள்களில் பயன்படுத்தும் தற்காலிக இணைப்புக்கும் அது வேண்டும். ஈரத் தரையில் நின்று டிரில் பிடிப்பவர் உங்கள் அண்ணனாக இருப்பார். கம்பி போகச் சுவரில் காடி (பள்ளம்) எடுப்பதை வீட்டார் செய்யலாம், இணைப்பு கொடுப்பது உரிமம் உள்ளவர் வேலை. குழாயைப் பூசி மூடுவதற்கு முன் அழுத்தம் ஏற்றி ஓர் இரவு விட்டுப் பாருங்கள்.

அனுமதி வாங்க வேண்டுமா?

கிடங்கு, கடை, பள்ளி என்று இருந்ததைக் குடியிருப்பாக மாற்றுவது பயன்பாட்டு மாற்றம். பெரும்பாலான இடங்களில் உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். பத்திரம், பாகப்பிரிவினை, பொதுச்சுவர் உரிமை, பாதுகாக்கப்பட்ட கட்டடமா என்பது எல்லாம் ஓர் ஆணி பிடுங்குவதற்கு முன்பே தெளிவாக வேண்டும்.

வேலை நடக்கும்போதே அங்கே குடியிருக்கலாமா?

ஒழுகாத கூரை, பூட்டும் கதவு, ஒரு கழிப்பறை, தூசி வராமல் அடைத்த ஓர் அறை இவை நான்கும் இருந்தால் பெரியவர்கள் இருக்கலாம். சின்னக் குழந்தையோடு வேண்டாம். ஒரு நன்மை உண்டு: காலை வெயில் எங்கே விழுகிறது, காற்று எந்த ஜன்னல் வழியாக வருகிறது என்று தங்கினால்தான் தெரியும். நாங்கள் கிழக்கு மூலையில் நான்கு மாதம் இருந்தோம். சமையலறைக்குக் குறித்திருந்த இடத்தை அதனால்தான் மாற்றினோம்.

பழைய கதவு, மரம், கல்லை மறுபடி பயன்படுத்தலாமா?

கண்டிப்பாகப் பயன்படுத்துங்கள். கழற்றும்போதே ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, எந்த இடத்துக் கதவு, எந்தப் பக்கம் கீல் என்று எழுதிவிடுங்கள். பழைய மரத்தை அறுக்கும் முன் காந்தத்தால் தடவிப் பார்த்து ஆணியை எடுங்கள். ரம்பத்தில் ஆணி பட்டால் கையைப் பதம் பார்க்கும். பழைய செங்கல்லைக் கட்டுவதற்கு முன் தண்ணீரில் ஊறவையுங்கள், இல்லாவிட்டால் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

ஓர் எச்சரிக்கை. கதவுக்கு ஆளிவிதை எண்ணெய் தடவிய துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூட்டைக் கக்கும். கசங்கிக் கிடக்கும் துணிக்குள் சூடு தேங்கித் தானே தீப்பிடிக்கும். எங்கள் கொல்லையில் ஒரு சாயங்காலம் அத்தான் துணி வாளியிலிருந்து புகை வருவதைப் பார்த்தார். உள்ளே கை வைக்க முடியாத சூடு. விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் அமுக்கி வையுங்கள்.

குடியேறிய பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் ஆண்டு, ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் டார்ச்சோடு ஒரு சுற்று வாருங்கள்: உத்திர முனைகள், ஜன்னல் அடி, சுவரும் தரையும் சேரும் இடம். மழை தொடங்குவதற்கு முன் கூரையோரத் தகரத்தில் சேரும் சருகை அள்ளுங்கள். சுவரில் செடி முளைத்தால் பிடித்து இழுக்காதீர்கள், வேர் கல்லோடு வரும். வெட்டி, வேரைச் சாகவிட்டு, பிறகு சாந்து வையுங்கள். அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் கை நுழையும் அளவு இடைவெளி விடுங்கள். பென்சிலில் தேதி எழுதிய விரிசல்மேல் இன்னும் நிறம் அடிக்க வேண்டாம். எங்களுடையது கூடத்தில், ஸ்விட்ச் பலகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாமா வரும்போதெல்லாம் அளவுகோலை வாங்கி அளந்துவிட்டுத்தான் உட்காருகிறார்.